கேஸ் நம்பர் ஏழு

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐம்பத்தெட்டாவது வயதில், நான் மறுபடியும் ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். பெயர் 'ஆர்.' வயது பதினான்கு. கணக்குப் பரீட்சை என்றால் வயிற்றைக் கலக்கும். ராத்திரி தூக்கம் கிடையாது. அப்பாவோடு பேச்சு நின்று எட்டு மாதம். இத்தனை உபாதைகளையும் எனக்கு வாரி வழங்கியவள் என் அக்கா மகள். எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி, இரண்டாம் வருடம். எங்கள் குரோம்பேட்டை வீட்டு ஊஞ்சலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நீல அட்டை போட்ட லாக் புக்கை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"மாமா, பத்து கேஸ் எழுதணும். ஆறு முடிஞ்சுது. நீங்க ஏழாவது."

"அந்த ஆறு பேரை எங்கே பார்த்தே?"

"எங்கேயும் பார்க்கலை. ரெண்டு பேர் என் ஃப்ரெண்ட்ஸ். ஒண்ணு அம்மா. ஒண்ணு நானே. மிச்சம் ரெண்டும் சீனியர் அக்கா நோட்டுல இருந்து."

"ஏன் கண்ணு, நிஜப் பிள்ளைங்க யாரும் கிடைக்கலையா?"

"சென்டர்ல க்ளையன்ட் பக்கத்துலயே விடமாட்டாங்க மாமா. கான்ஃபிடென்ஷியலாம்."

அந்த சென்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம்தான். சிறார், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் 'முப்பது நாள் கிளினிக்கல் இன்டர்ன்ஷிப்', கட்டணம் எட்டாயிரம் ரூபாய், ஒரு பேட்சுக்கு இருபது பேர். என் அக்கா தன் சீட்டுப் பணத்தில் கட்டினாள். முதல் வாரம், டைரக்டர் ஸ்லைடு போட்டு ஃப்ராய்டு எந்த ஊரில் பிறந்தார் என்று சொன்னார். இந்தப் பிள்ளைகள் அதை பி.எஸ்சி. முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்து மறந்தும் விட்டவர்கள். இரண்டாம் வாரம் பழைய ஃபைல்களை எக்ஸெலில் ஏற்றினார்கள். அதாவது நோயாளியின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவருடைய பெயர், முகவரி, வியாதி, அப்பாவின் குடிப்பழக்கம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்யலாம். ரகசியத்துக்கு அப்படி ஒரு இலக்கணம். மூன்றாம் வாரம் ஒரு பொருட்காட்சி ஸ்டாலில் நின்று நோட்டீஸ் கொடுத்தார்கள். நான்காம் வாரம் ரீல் எடுத்தார்கள். ஏதோ ஒரு குழந்தை வரைந்த வீடு, மரம், மனிதன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது பேரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டார்களா என்று நான் கேட்டேன். அக்கா மகள் ஊஞ்சலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் சர்டிஃபிகேட். '120 மணி நேரம் மேற்பார்வையுடன் கூடிய கிளினிக்கல் பயிற்சி' என்று தங்க நிற எழுத்தில் இருந்தது. தினமும் மூன்று மணி நேரம், முப்பது நாள். எந்த வாய்ப்பாட்டைப் புரட்டினாலும் தொண்ணூறுதான் வருகிறது. மீதி முப்பது மணி நேரம் சென்டரின் அன்பளிப்பு.

இதில் எனக்கு உறைத்த இடம் ஒன்று உண்டு. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஐ.டி.ஐ. முடித்த பையன் தொழில் பழகுநராகப் போனால், அவனுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை உண்டு. தையல் கடையில் காஜா எடுக்கும் பையனுக்குக்கூட டீயும் பன்னும் கொடுத்துச் சாயங்காலம் ஐம்பது ரூபாய் கையில் வைப்பார்கள். இரும்பை ராவக் கற்றுக்கொள்கிறவனுக்கு நாம் காசு கொடுக்கிறோம். ஒரு குழந்தையின் மனதைத் தொடக் கற்றுக்கொள்கிறவளிடம் காசு வாங்குகிறோம். காசு வாங்கிக்கொண்டு அதையும் கற்றுக்கொடுக்காமல் அனுப்புகிறோம்.

இந்தச் சந்தையில் விதவிதமான சரக்கு உண்டு என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. நேரில் வந்தால் ஒரு விலை, ஆன்லைன் என்றால் வேறு விலை. பத்து நாள், பதினைந்து நாள், வார இறுதி மட்டும். 'லெட்டர் ஆஃப் ரெக்கமண்டேஷன்' வேண்டுமானால் மேலே கொஞ்சம். போர்வைக்குள் படுத்துக்கொண்டே கேமராவை அணைத்துவிட்டு 'வளரிளம் பருவத் தற்கொலைத் தடுப்பு' பயிற்சி எடுத்து, முடிந்த பத்தாவது நிமிடம் இ-சர்டிஃபிகேட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிடலாம். ஆடித் தள்ளுபடிகூட வரும் என்று நான் கிண்டலாகச் சொன்னேன். "மாணவர் தின ஆஃபர் வந்துச்சு மாமா. ரெண்டு பேர் சேர்ந்தா ஒருத்தருக்குப் பாதி விலை" என்றாள் அவள். கிண்டல் பண்ணுகிறவனின் பிழைப்பில் இப்படி மண் போடக் கூடாது.

சரி, இந்த லாக் புக் எங்கே போய்ச் சேருகிறது? கல்லூரி அலமாரிக்குப் போய் கரையானுக்கு உணவாகும் என்றால் நானும் ஏழாவது கேஸாக ஒரு தடவை அழுதுவிட்டுப் போயிருப்பேன். அது அங்கே நிற்பதில்லை.

2023-இல் மட்டும் இந்த நாட்டில் 13,892 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதற்கு முந்தைய வருடக் கணக்கு 13,044. மாணவர்களின் சாவைக் குற்றக் கணக்கு எழுதும் இலாகா எண்ணிக்கொண்டிருக்கிறது, கல்வி இலாகா தேர்ச்சி விகிதத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன பதினேழு வயதுப் பெண் இறந்துபோன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் எல்லாக் கல்வி நிறுவனங்களும் குறைந்தது ஒரு கவுன்சிலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும், அவருக்குக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் எடுத்துக்காட்டக்கூடிய பயிற்சி இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். நல்ல தீர்ப்பு. மனதார எழுதிய தீர்ப்பு. எடுத்துக்காட்டக்கூடிய பயிற்சி என்று எழுதும்போது அந்த நீதிபதிகளின் மனக்கண்ணில் என்ன இருந்ததோ தெரியாது. நடைமுறையில் அது எங்கள் வீட்டு ஊஞ்சலில் இருந்த நீல நோட்டு. எடுத்துக் காட்டலாம். பக்கத்துக்குப் பக்கம் சீல் இருக்கிறது. நீதிமன்றம் கேட்ட பயிற்சியில் பத்தில் ஒரு பங்கு நான்.

பள்ளிகள் இந்தத் தீர்ப்பைப் படித்தனவா என்று கேட்காதீர்கள். படித்த இடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குத்தான் அக்கா மகளின் தோழி போனாள்.

அவளுக்கு நேர்ந்தது நேர் எதிரான விதி. இவளுக்கு ஒரு பிள்ளையைக்கூடக் காட்டவில்லை. அவளிடம் பள்ளிக்கூடத்தையே கொடுத்துவிட்டார்கள். இன்னொரு சென்டர் அவளிடம் பணம் வாங்கிக்கொண்டு, இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு தனியார் பள்ளிக்கு 'இன்டர்ன்' என்று அனுப்பியது. பள்ளி அவளைக் 'கவுன்சிலர்' என்று எடுத்துக்கொண்டது. சென்டருக்குப் பள்ளியிடமிருந்தும் வரவு, பெண்ணிடமிருந்தும் வரவு. பள்ளிக்கோ சம்பளம் இல்லாத ஒரு கவுன்சிலர். இரண்டு பக்கமும் லாபம் பார்க்கிற வியாபாரம் கந்துவட்டிக்குப் பிறகு இதுதான் என்று நினைக்கிறேன். அவளுக்கு வயது இருபத்திரண்டு. விளையாட்டுச் சாமான் அறையை ஒட்டி, கேரம் போர்டுகளை ஒதுக்கி ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாள் சாயங்காலம் கதவில் பெயர்ப்பலகை அடித்தார்கள். பெயருக்குக் கீழே பட்டம் போட இடம் விட்டிருந்தார்கள். இன்னும் பட்டம் வாங்கவில்லையே என்று அவள் சொன்னபோது, "எப்படியும் வாங்கிடுவே இல்ல" என்று அலுவலக மேலாளர் தைரியம் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றை வகுப்பாசிரியை அனுப்பினார். மார்ச் மாதச் சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்த குழந்தை. 'கவனம் இல்லை, மார்க் குறைகிறது, சரிசெய்யவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு, ரிப்பேருக்குக் கொடுக்கும் மிக்ஸியில் ஒட்டுகிற மாதிரி. அரை மணி நேரம் அந்தக் குழந்தை தரையைப் பார்த்தது. பிறகு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே மிஸ்" என்று கேட்டது. நம் இன்டர்ன் என்ன செய்திருப்பாள்? "சொல்ல மாட்டேன் கண்ணா" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். குழந்தை சொன்னது. வீட்டில் இருக்கும் ஒரு பெரிய மனுஷனைப் பற்றி.

தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைப்பார்கள். அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. 'உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், யாரிடம் சொல்வேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்' என்பதை, குழந்தை வாயைத் திறப்பதற்கு முன்பே, முதல் ஐந்து நிமிடத்திலேயே பேசிவிட வேண்டும். இது புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கீழுதடு நடுங்கும்போது புத்தகம் ஞாபகத்துக்கு வராது. அதற்காகத்தான் பக்கத்தில் ஒரு மனுஷி வேண்டும் என்கிறார்கள். முதல் சில கேஸ்களில் கூடவே உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு வாரமும் 'குழந்தை என்ன சொன்னது, நீ என்ன சொன்னாய், உனக்கு அப்போது வயிற்றில் என்ன செய்தது' என்று வரிக்கு வரி கேட்கிற ஒருத்தி. மேற்பார்வை என்பது அதுதான். கையெழுத்துக்கு அந்தப் பெயர் கிடையாது. சமையல்கூட அப்படித்தானே கற்றோம். ரசம் வைக்கும் விதத்தை எழுதிக்கொடுத்துவிட்டு அம்மா சினிமாவுக்குப் போய்விடவில்லை.

அவள் மேற்பார்வையாளருக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது. குழந்தை சொன்னதற்குக் கட்டைவிரல். மறுபடியும் எழுதினாள். 'மேடம் கான்ஃபரன்ஸில் இருக்காங்க' என்று ரிசப்ஷனிலிருந்து பதில். பள்ளி முதல்வரிடம் போனாள். "வருஷப் பரீட்சை முடியட்டுமே. பெரிய இடம் வேற" என்றார் அவர். சாயங்காலம் மேடமே அழைத்தார். அவர் அருளிய மேற்பார்வை இதோ: "லாக் புக்ல அதை எழுதாதே. 'ஃபேமிலி இஷ்யூஸ்'னு போடு. ரிலாக்சேஷன் எக்சர்சைஸ் குடு."

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழே வேலை செய்கிறவர் விஷயத்தில் மறைத்தால் ஒரு வருடம் வரை. பரீட்சை முடியட்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. பெரிய இடம் என்றும் இல்லை. மூச்சை இழுத்து விடு என்று குழந்தைக்குச் சொல்லச் சொன்ன அந்த மேடத்தின் சுவரில் எத்தனை சான்றிதழ்கள் தொங்குகின்றன என்று அந்தப் பெண் எண்ணிப் பார்த்திருக்கிறாள். பதினொன்று.

இருபத்திரண்டு வயது, மூன்று நாள் அனுபவம், ஹாஸ்டல் மொட்டைமாடி. அங்கே நின்று அவள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தாள். அதற்கு முன்னால் அந்தக் குழந்தையிடம் போய், "நான் சத்தியம் செஞ்சது தப்பு, எனக்குத் தெரியாம செஞ்சுட்டேன், உனக்காகச் சொல்லப் போறேன்" என்று சொல்லியிருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு நான் முனைவர் பட்டமே கொடுப்பேன். சென்டர் அவளுடைய இன்டர்ன்ஷிப்பைப் பாதியில் முடித்துக்கொண்டது. 'நெறிமுறையை மீறி வெளியாருக்குத் தகவல் கொடுத்தார்' என்று காரணம். அவளுக்கு சர்டிஃபிகேட் கிடையாது. என்னைக் குணப்படுத்திய என் அக்கா மகளுக்கு உண்டு.

இதையெல்லாம் கண்காணிக்க ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். ஆள் இருக்கிறார்கள், மன்றங்கள் இருக்கின்றன, சட்டங்களும் இருக்கின்றன. மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 1992-இல் வந்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்களை அந்தக் கவுன்சில் பதிவு செய்கிறது. அதற்கு ஆஸ்பத்திரியோடு ஒட்டிய இரண்டு வருட எம்.ஃபில். என்று ஒன்று இருந்தது. இடங்கள் சொற்பம். இப்போது அந்த எம்.ஃபில்லையே மூட்டை கட்டி, வேறு பெயர்களில் வேறு படிப்புகள் வருகின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் என்று வரிசையாக வரையறுக்கிறது. அந்த வரிசையில் கவுன்சிலருக்கு நாற்காலி போடவில்லை. 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது, உளவியலாளர்களையும் சில வகைக் கவுன்சிலர்களையும் அது தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை ஒட்டித்தான், தொலைதூரக் கல்வியில் உளவியல் பட்டம் கொடுக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் உத்தரவிட்டது. அதுவரை தபாலில் வந்த பட்டங்களோடு எத்தனை பேர் எத்தனை அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்களோ.

சட்டம் நடந்துதான் வருகிறது, போர்டு பறந்துகொண்டிருக்கிறது. தள்ளுவண்டியில் பஜ்ஜி போட உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வேண்டும். கவுன்சலிங் சென்டர் திறந்து இன்டர்ன் சேர்க்க, ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும் மூளைக்குள் பல்சக்கரம் சுற்றும் ஒரு படமும் போதும். 'கவுன்சிலர்' என்பது நம் ஊரில் யாரும் போட்டுக்கொள்ளும் சட்டை. வெளிநாட்டு மருத்துவ சீட் விற்கிறவர் கவுன்சிலர். முகத்துக்குக் க்ரீம் விற்கிறவர் கவுன்சிலர். வார்டில் சாக்கடை அடைத்தால் ஓடி வர வேண்டியவரும் கவுன்சிலர். ஒன்று சொல்ல வேண்டும், இந்த மூவரில் தேர்தலில் நிற்க வேண்டியவர் கடைசி ஆள் மட்டும்தான்.

வெளிநாட்டைக் காட்டி மூக்கறுக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் கணக்குக்காக ஒன்று. அமெரிக்காவில் கவுன்சலிங் முதுநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு, முதலில் 100 மணி நேரம் களப்பழக்கம், பிறகு 600 மணி நேரம் இன்டர்ன்ஷிப் என்று கேட்கிறது. அந்த 600-இல் 240 மணி நேரம் நிஜ க்ளையன்ட்களோடு நேரடியாக வேலை செய்ததாக இருக்க வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மேற்பார்வை. அங்கேயும் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, அதற்காக அங்கேயும் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். சொர்க்கம் என்று சொல்லவில்லை. 240 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். எங்கள் வீட்டுப் பெண்ணின் கணக்கில், நேருக்கு நேர் உட்கார்ந்தது நாற்பது நிமிடம். எதிரே உட்கார்ந்தவன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

நம் நாட்டிலும் சரியாகச் சொல்லித்தரும் இடங்கள் இல்லாமலில்லை. பெங்களூரு நிமான்ஸின் குழந்தைகள் மனநலப் பிரிவைப் பற்றி அங்கே போய் வந்த மாணவர்கள் பேசும்போது குரலே மாறும். 1794-இல் தொடங்கிய வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுகளில், நூறு பேர் வரிசையில் நிற்க, ஒரு கையால் மாத்திரை எழுதிக்கொண்டே பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அந்த இரண்டு வார்த்தையே தர்மம். அப்படிப்பட்டவர்கள் சர்டிஃபிகேட்டில் தங்க எழுத்துப் போடுவதில்லை. அவர்களிடம் இடமும் இல்லை. இடம் இருக்கிறவர்கள் எட்டாயிரம் கேட்கிறார்கள்.

எட்டாயிரம் கட்ட முடிகிறவர்கள் யார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சீட்டுப் பணம் இருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து முதல் பட்டதாரியாக வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண் எதைக் கட்டுவாள்? அவள் நோட்டில் பத்து கேஸும் கற்பனையாகத்தான் இருக்கும், அல்லது அவள் படிப்பை மாற்றிக்கொள்வாள். இத்தனைக்கும் மாநகராட்சிப் பள்ளியில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பையனின் பாஷை தெரிந்தவள் அவள்தான். இங்கே பயிற்சி எல்லாம் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் கற்றதை அப்படியே பெயர்த்து, "அது உங்களை எப்படி உணர வைக்கிறது?" என்று என் அக்கா மகள் என்னைக் கேட்டாள். தமிழ் பிறந்த நாளிலிருந்து எந்த அம்மாவும், ஆத்தாவும், அப்பத்தாவும் பேசாத வாக்கியம். எனக்குச் சிரிப்பு வந்தது. 'நோயாளி பொருத்தமற்ற சிரிப்பை வெளிப்படுத்தினார்' என்று எழுதிக்கொண்டாள்.

"அடியே, நம்ம ஊர்ப் பையன்கிட்ட போய் இப்படிக் கேட்டா 'ஒண்ணுமில்ல மிஸ்'னு சொல்லுவான். அப்புறம் என்ன செய்வே?"

"'க்ளையன்ட் ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதணும் மாமா."

ஒண்ணுமில்ல. இந்த ஒரு சொல்லுக்குள் நம் பிள்ளைகள் எதையெல்லாம் ஒளித்து வைக்கிறார்கள் என்பதற்கே ஒரு வருடம் பாடம் எடுக்கலாம். பசியாக இருக்கும். அப்பா நேற்று ராத்திரி அம்மாவை அடித்திருப்பார். 'ஒரு மாதிரியா இருக்கு' என்பது ஒன்று, 'மனசு சரியில்ல' என்பது வேறு, 'வெறுப்பா இருக்கு' என்பது இன்னொன்று. 'எல்லாம் சும்மாதான்' என்று ஒரு பிள்ளை திடீரென்று சொல்லிவிட்டுத் தன் கிரிக்கெட் பேட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்தால், கேட்டவள் நாற்காலியை விட்டு எழ வேண்டும். இவை எதற்கும் லாக் புக்கில் கட்டம் இல்லை. 'அஃபெக்ட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவள் எனக்கு 'யூதைமிக்' என்று போட்டாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "நார்மல் மாமா." பதினான்கு வயதில், தூக்கமில்லாமல், அப்பாவோடு பேசாமல், நார்மல்.

மே மாதம் வைவா நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நோட்டைப் புரட்டி, ஏழாவது கேஸில் நின்று, "ரொம்ப நல்ல கேஸ். பையன் இப்போ எப்படி இருக்கான்?" என்று கேட்டிருக்கிறார். "இப்போ பரவாயில்லை சார். தூங்குறான்" என்றாளாம் என் அக்கா மகள். 'ஓ' கிரேடு. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பொய் சொன்ன அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். தொழில் அறம் என்று ஒரு தாளே வைத்திருக்கும் படிப்பு, அதில் அவளைத் தேர்ச்சி பெறவும் வைத்து, இந்தப் பொய்யையும் சொல்ல வைத்தது. அவள் இப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனி மனிதவளத் துறையில் இருக்கிறாள். "குழந்தைங்க பக்கம் போகப் பயமா இருக்கு மாமா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கு மட்டும்தானே தெரியும்" என்றாள். எனக்குத் தெரிந்து இந்தப் படிப்பு முழுவதிலும் எழுதப்பட்ட ஒரே நேர்மையான குறிப்பு அதுதான். அந்த பயம்கூட இல்லாதவர்கள் பள்ளிகளில் இருக்கிறார்கள்.

தோழி? இன்டர்ன்ஷிப் மணி நேரம் குறைகிறது என்று கல்லூரி சொல்லிவிட்டது. இன்னொரு சென்டரில் மறுபடியும் பணம் கட்டியிருக்கிறாள்.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இந்நேரம் அப்படி ஒரு அறை வந்திருக்கும், கேரம் போர்டுக்குப் பக்கத்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேளுங்கள்: அந்த அறையில் இருக்கிற பெண்ணுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, அவளுக்கு மேற்பார்வை யார், அவர் எந்தக் கிழமை நேரில் வருகிறார்? 'மேடம் கான்ஃபரன்ஸில் இருக்காங்க' என்று பதில் வந்தால், கையெழுத்துப் போடாதீர்கள். மேடம் வரும் வரை அங்கேயே உட்காருங்கள்.